கொள்ளிவாய்ப் பிசாசும் குப்பைப் புகையும்

கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றிக் கேள்விப்படாதவர் தமிழ்நாட்டில் யார்?

நள்ளிரவு. ஆள் நடமாட்டம் இல்லாத சேற்று நிலம். திடீர் என்று ஒரு வெளிச்சம் தோன்றும். கிட்டே போனால் மறைந்துவிடும். சற்றுத் தள்ளி மறுபடியும் தோன்றும்.

"வாயில் கொள்ளிக்கட்டையை வைத்துக்கொண்டு பிசாசு அலைகிறது. அந்தப் பக்கம் போகாதே!" என்று பாட்டிமார் பேரப் பிள்ளைகளை அதட்டுவார்கள்.

பிள்ளைகள் பயந்து போர்வைக்குள் ஒளிந்துகொள்வார்கள். வளர்ந்து நாலு எழுத்துப் படித்ததும், "எல்லாம் கட்டுக்கதை" என்று சிரிப்பார்கள்.

பயந்ததும் சரி அல்ல. சிரித்ததும் சரி அல்ல. பாட்டி கண்டது பிசாசு இல்லையே தவிர, வெளிச்சம் உண்மையானதுதான். அந்த வெளிச்சத்துக்கும், சனிக் கிரகத்தின் நிலாவில் மிதக்கும் ஆரஞ்சுப் புகைக்கும், பெருங்குடிக் குப்பை மேட்டில் எழுந்த கரும்புகைக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. அந்த உறவைத் தெரிந்துகொண்டவர், வீட்டு வாசலில் குப்பையைக் குவித்துக் கொளுத்தமாட்டார்.

சேற்றில் பிறக்கும் வாயு

சென்னைக்குத் தெற்கே, வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் வழியில் இருக்கிறது பள்ளிக்கரணை. பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் கடைகளும் மாடி வீடுகளும். மறுபக்கம் தண்ணீர், கோரைப் புல், கொக்கு, நாரை. பருவத்தில் பூநாரைகளும் வந்து இறங்கும்.

கழுவெளி என்பது இதன் பழைய பெயர். மழைக் காலத்தில் சுற்று வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் எல்லாம் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வெளியேறும். 2022-ம் ஆண்டில், உலகம் போற்றிக் காக்க வேண்டிய ஈர நிலங்களின் ராம்சார் பட்டியலில் இதுவும் சேர்ந்தது. பட்டியலில் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் சேறு இருக்கிறது. சேற்றுக்குள் பிராண வாயு புகாது. செத்த கோரையும் இலையும் அங்கே மக்கும்போது, காற்றே வேண்டாத நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று பிழைக்கின்றன. அவை வெளியே விடும் வாயுவுக்கு மீத்தேன் என்று பெயர்.

ஒரு கழியால் சேற்றைக் கிளறினால் 'குபுகுபு' என்று குமிழிகள் வரும். அதில் பெரும் பங்கு மீத்தேன். 1776-ல் இத்தாலி நாட்டு விஞ்ஞானி வோல்டா, மாஜோரே ஏரியில் இப்படிக் கிளறித்தான் இந்த வாயுவைப் பிடித்தார். 'வோல்ட்' என்று மின்சாரத்தை அளக்கிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர் அவரே.

மீத்தேன் மிக எளிய பொருள். நடுவே ஒரு கார்பன் அணு. அதைச் சுற்றி நாலு ஹைட்ரஜன் அணுக்கள். நாலு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாயைப் போல அது பாட்டுக்கு இருக்கும். யார் வம்புக்கும் போகாது. ஒரு குடம் நிறைய மீத்தேனை அடைத்து வைத்தால், வருடக் கணக்கில் அது மீத்தேனாகவே இருக்கும்.

அப்படிப்பட்ட சாதுவான வாயு, பெரிய பெரிய பொருள்களாக மாறுவது எப்படி?

இழந்தவன் சும்மா இருப்பானா?

ஒவ்வோர் அணுவிலும் எலெக்ட்ரான் என்னும் மிகச் சிறிய மின் துகள்கள் உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரோ, மின்னலோ, மின்பொறியோ தாக்கினால், மீத்தேனிலிருந்து ஓர் எலெக்ட்ரான் பிய்த்துக்கொண்டு போய்விடும். சில சமயம் ஒரு ஹைட்ரஜனையும் சேர்த்து இழக்க நேரும்.

இப்படி எலெக்ட்ரானை இழந்து, மின்னூட்டத்தோடு நிற்கும் துண்டுக்கு அயனி என்று பெயர்.

திருவிழாக் கூட்டத்தில் பணப் பையைத் தொலைத்தவனைப் பார்த்திருக்கிறீர்களா? எதிரில் வருகிற எவரையும் விடமாட்டான். சட்டையைப் பிடிப்பான். அயனியின் குணமும் அதுதான். பக்கத்தில் வருகிற மூலக்கூற்றைத் தன் பக்கம் இழுக்கும். ஒன்றைப் பறிக்கும், அல்லது ஒட்டிக்கொள்ளும்.

ஓர் எலெக்ட்ரானை இழந்த மீத்தேன், அடுத்த மீத்தேனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ளும். இப்போது அதனிடம் ஐந்து ஹைட்ரஜன்! கார்பனுக்கு நாலு கைகள்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். ஆனால் உண்மை. 1952-ல் சோவியத் விஞ்ஞானிகள் இதைக் கண்டு சொன்னார்கள்.

இதைவிட முக்கியமானது இன்னொரு மாற்றம். மூன்று ஹைட்ரஜன் மட்டும் மிஞ்சிய மீத்தேன் துண்டு, முழு மீத்தேன் ஒன்றைச் சந்திக்கிறது. இரண்டும் சேர்கின்றன. இரண்டு ஹைட்ரஜன்களை வெளியே தள்ளிவிடுகின்றன. ஒரு கார்பன் இருந்த இடத்தில் இப்போது இரண்டு கார்பன் கொண்ட அயனி!

இரண்டு என்பது மூன்றாகும். மூன்று நாலாகும். நீளும், கிளை விடும், வளையமாகச் சுருளும். யாரும் கலக்கவில்லை, கிண்டவில்லை, அடுப்பில் வைக்கவில்லை. எல்லாம் வாயுவுக்குள்ளேயே நடக்கிறது.

சாதாரண மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று சேரப் பெரும்பாலும் சூடு வேண்டும். அயனிக்குப் பெரும்பாலும் அது வேண்டாம். உறைய வைக்கும் குளிரிலும் அது வேலையைப் பார்க்கும். இதனால்தான், அடுப்பே இல்லாத வானவெளியில்கூடக் கார்பன் பொருள்கள் சமைகின்றன. மூன்று ஹைட்ரஜன் கொண்ட அந்தத் துண்டு வானவெளியில் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் எதிர்பார்த்தார்கள். 2023-ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

குமிழிக்குள் மின்னல்

சரி, பாட்டி கண்ட பிசாசு?

சேற்று வாயு தானே தீப்பற்றாது. ஆகவே, பாஸ்பரஸ் கலந்த வேறொரு வாயு அதைப் பற்றவைக்கிறது என்று பலர் சொன்னார்கள். இது முழுத் திருப்தி தரவில்லை.

2025-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸேர் என்ற பேராசிரியரின் குழுவினர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். தண்ணீருக்குள் மீத்தேனையும் காற்றையும் மிக நுண்ணிய குமிழிகளாக விட்டார்கள். அதிவேகக் காமிராவை வைத்துப் பார்த்தார்கள். குமிழிகள் ஒன்றை ஒன்று நெருங்கும்போது, இடையே 'பளிச்' என்று குட்டி மின்னல்!

குமிழியின் மேற்பரப்பில் மின்னூட்டம் சேர்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்கிறது. அந்தப் பொறி பட்டு மீத்தேன் மூலக்கூறுகள் உடைகின்றன, பிராண வாயுவோடு சேர்கின்றன, ஒளி தருகின்றன. நெருப்புக் குச்சி தேவை இல்லை. வெளிச்சூடும் தேவை இல்லை.

கொள்ளிவாய்ப் பிசாசுக்கு இது ஒரு நல்ல விளக்கம். இருட்டில் சேற்று நிலத்துக்குப் போகாதே என்று பாட்டி சொன்னது என்னவோ எப்போதும் நல்ல புத்திதான். பிசாசு இல்லாவிட்டாலும் புதைசேறும் பாம்பும் உண்டே!

ஆரஞ்சு நிற நிலா

இதே மீத்தேன் ஒரு முழு உலகத்தையே மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

சனிக் கிரகத்துக்கு டைட்டன் என்று ஒரு நிலா உண்டு. நம் நிலாவைவிடப் பெரிது. தரையில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 179 டிகிரி. அங்கே காற்று உண்டு. பெரும் பகுதி நைட்ரஜன். மீதியில் முக்கியமானது மீத்தேன். பிராண வாயு வாடையே கிடையாது. அங்கே ஆறுகளிலும் ஏரிகளிலும் தண்ணீருக்குப் பதில் மீத்தேன் ஓடுகிறது என்றால் நம்புவீர்களா?

1997-ல் புறப்பட்ட காசினி விண்கலம் 2004-ல் சனியை அடைந்தது. அதிலிருந்து பிரிந்த ஹைகன்ஸ் என்ற சிறு கலம் 14-1-2005 அன்று டைட்டனின் தரையில் இறங்கியது. காசினி பல முறை டைட்டனின் மேல் காற்றுக்குள், சுமார் ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், புகுந்து வந்தது. அங்கே மிதக்கும் அயனிகளை எடை போட்டது.

ஹைட்ரஜன் அணுவைப்போல் நூறு மடங்கு, இருநூறு மடங்கு கனம் உள்ள அயனிகள் இருந்தன. பத்தாயிரம் மடங்கு கனம் உள்ளவைகூட இருந்தன! 2007-ல் இந்தச் செய்தி வெளியானபோது விஞ்ஞானிகளே வியந்தார்கள். வெறும் நைட்ரஜனும் மீத்தேனும் உள்ள குளிர்ந்த காற்றில், சூரிய ஒளி பட்டு, அயனிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் குட்டி போட்டுக்கொண்டே போகின்றன. கனத்தவை புழுதியாகிக் கீழே இறங்குகின்றன. அதுதான் டைட்டனின் ஆரஞ்சுப் புகை மூட்டம்.

பிராண வாயு இல்லை என்பதைக் கவனியுங்கள். இருந்திருந்தால் கார்பன் துண்டுகளை அது அப்போதைக்கு அப்போதே கவ்விக் கரியமில வாயுவாக்கி முடித்திருக்கும். தடுக்க ஆள் இல்லாததால் அவை வளர்ந்துகொண்டே போகின்றன.

சென்னையில் படித்தவர் செய்த சோதனை

நம் பூமியும் ஆதி காலத்தில் பிராண வாயு இல்லாத உலகமாகத்தான் இருந்தது. அப்போது உயிருக்கு வேண்டிய பொருள்கள் இப்படித்தான் வாயுவிலிருந்து பிறந்தனவோ?

1953-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, உள்ளே மின்பொறி பாய்ச்சினார். சில நாளில் அமினோ அமிலங்கள் கிடைத்தன. பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதத்தின் செங்கற்கள் இவை.

அடுத்த பெரிய செய்தி 1963-ல் வந்தது. அதில் முன் நின்றவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையில் காலி நகரில் பிறந்தவர். 1948-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். எந்தப் பாடத்தில் என்று நினைக்கிறீர்கள்? ரசாயனம் அல்ல, தத்துவம்! பிறகுதான் ரசாயனம் படித்தார். அமெரிக்கா சென்றார்.

அவரும் அவருடைய தோழர்களும் மீத்தேன், அம்மோனியா, நீர் மூன்றையும் கலந்து, எலெக்ட்ரான் கதிரைப் பாய்ச்சினார்கள். அடினைன் கிடைத்தது. மரபணுவை நாலு எழுத்தில் எழுதியிருக்கிறது இயற்கை என்பார்கள். அந்த நாலில் ஓர் எழுத்து இந்த அடினைன். உயிர் எப்படி வந்தது என்ற தத்துவக் கேள்விக்கு, சேற்று வாயுவை வைத்துப் பதில் தேடினார் அந்தத் தத்துவப் பட்டதாரி. 1994-ல் காலமானார். அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அதே வித்தை, தெருவில்

வானத்தில் இந்த வித்தை உயிருக்கு வழி வகுக்கிறது என்று மகிழலாம். தெருவில் நடந்தால் மகிழ முடியாது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. பல பத்தாண்டுகளாகத் தென்சென்னையின் குப்பை அங்கே மலையாகக் குவிந்தது. சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. மலையின் வயிற்றுக்குள் காற்றுப் புகாது. சேற்றில் நடப்பதே அங்கேயும் நடக்கிறது. மீத்தேன் ஊறுகிறது.

2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் போராடின. நாள் கணக்கில் அணையவில்லை. சுற்றிலும் உள்ள வீடுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஜனங்கள் இருமினார்கள்.

"எரிந்தால் எரியட்டுமே, குப்பை ஒழிந்தது" என்று அப்போது சிலர் பேசினார்கள். இதைவிடத் தவறான பேச்சு வேறு இல்லை. அரைகுறையாக எரிகிற குப்பை ஒழிவதில்லை. வேறு வேஷம் போட்டுக்கொள்கிறது.

குப்பை மேட்டுத் தீ எப்படிப்பட்டது? மேலே கொஞ்சம் சுடர். உள்ளே கனல். கனலுக்குப் பிராண வாயு போதவில்லை. சூட்டில் பொருள்கள் உடைந்து சிறு கார்பன் துண்டுகளாகப் பறக்கின்றன. கவ்வி முடிக்கப் பிராண வாயு இல்லை. டைட்டனில் நடந்ததுபோலத் துண்டும் துண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். டைட்டனின் மேல் காற்றில் அயனிகளுக்குப் பெரிய பங்கு. தீயில் அவ்வளவு இல்லை. தீச்சுடரிலும் அயனிகள் உண்டு, சந்தேகம் வேண்டாம். மின்னூட்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவே மெழுகுவத்தியை ஏற்றி வைத்தால், சுடர் ஒரு பக்கம் சாயும். காற்று அடிக்காமலே சாயும்! அயனிகள் இழுக்கப்படுவதுதான் காரணம். தீயில் கரி உண்டாவதே அயனிகளால்தான் என்று ஒரு காலத்தில் சில விஞ்ஞானிகள் வாதாடினார்கள். மின்னூட்டம் இல்லாத, ஆனால் அதே பறிக்கும் குணம் உள்ள துண்டுகளே தீயில் பெரும் வேலை செய்கின்றன என்பது இன்று பலரும் ஏற்கும் முடிவு. வேலைக்காரர் யாராக இருந்தாலும், பட்டறையில் தயாராகும் சரக்கு ஒரே ஜாதிதான்.

மூன்று கார்பன் உள்ள துண்டுகள் இரண்டு கை கோத்தால் ஆறு கார்பன் வளையம். அது பென்சீன். வளையத்தோடு வளையம் சேர்ந்து ஐந்து வளையம் ஆனால் பென்சோபைரீன். இவை இரண்டும் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. குளோரின் கலந்த பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்தால், புகை ஆறும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகும்.

கரியின் கொடுமை புதிய செய்தி அல்ல. லண்டனில் வீட்டுப் புகைபோக்கிகளுக்குள் சிறுவர்களை இறக்கிக் கரி துடைக்க விடுவார்கள். அந்த ஏழைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களுக்கு ஒரு வகைப் புற்றுநோய் வருவதை, 1775-லேயே பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எழுதி வைத்தார்.

நீங்கள் போட்டது வாழைத் தோல். நீங்கள் போட்டது பால் கவர். அவற்றில் பென்சோபைரீன் என்று தேடினாலும் அகப்பட்டிருக்காது. நீங்கள் வைத்த தீதான் அதை உண்டாக்கியது. இதைப் பள்ளிக்கூடத்திலும் கற்பிக்க வேண்டும். வார்டுக் கூட்டத்திலும் சொல்ல வேண்டும்.

"கொளுத்தினால் கொசு போகும், கிருமி சாகும்" என்கிறவர்கள் உண்டு. புகை இருக்கும் வரை கொசு போகும். பிறகு வரும். புகையோ வீட்டுக்குள் வந்து, தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் நுரையீரலில் குடியேறும்.

கொளுத்துகிறவர் எல்லாரும் பொல்லாதவர் அல்ல. குப்பை வண்டி எட்டிப் பார்க்காத தெருவில் அவர் வேறு என்னதான் செய்வார்? தெருவில் குப்பை எரிப்பதை 2016-ம் ஆண்டின் விதிகளே தடை செய்தன. விதி போட்டால் மட்டும் போதுமா? வண்டி நாள் தவறாமல் வர வேண்டும். வந்த வண்டியில் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஒரே குவியலாகப் போனால், வீட்டில் பிரித்துக் கொடுத்த அம்மாளின் உழைப்பு வீண். இதில் மாநகராட்சிக்கும் கடமை உண்டு, வீட்டுக்காரர்களுக்கும் உண்டு.

போகிப் பண்டிகையையும் சொல்லாமல் விட முடியாது. பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்திய காலம் வேறு. டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தும் காலம் வேறு. 2018 போகி அன்று மீனம்பாக்கத்தில் புகை மூட்டத்தால் விமானங்களே தாமதப்பட்டன. கண்ணுக்கு ஓடுபாதை தெரியவில்லை என்றால், மூக்கு எதை இழுத்திருக்கும்?

நீலச் சுடர்

மீத்தேன் நமக்குப் பகை அல்ல. காய்கறித் தோலையும் சாணத்தையும் மூடிய தொட்டியில் மக்க வைத்து, வரும் வாயுவைக் குழாயில் பிடித்து அடுப்பில் எரித்தால் அதே மீத்தேன் சோறு பொங்கும். அங்கே பிராண வாயு தாராளம். கார்பன் துண்டுகள் ஒட்டிக்கொள்ள நேரமே இல்லை. கரியமில வாயுவும் நீராவியுமாகச் சுத்தமாக முடிந்துவிடும்.

முடிகிறதா என்று பார்க்க விஞ்ஞானக் கருவி வேண்டாம். சுடரின் நிறமே சொல்லும். கார்பன் துண்டுகள் பிராண வாயுவிடம் அகப்பட்டு எரியும் இடம் நீலமாக ஒளிவிடும். மஞ்சள் சுடர் என்பது, துண்டுகள் ஒட்டிக் கரித்தூளாகி, அந்தத் தூள் பழுக்கக் காய்ந்து ஒளிவிடுவது.

வீட்டு காஸ் அடுப்பிலும் இதைப் பார்க்கலாம். கஞ்சி பொங்கி வழிந்தால் உப்பு பட்டு ஒரு கணம் மஞ்சள் காட்டும். அதற்குப் பயப்பட வேண்டாம். எந்நேரமும் மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் மட்டும், பர்னரின் துளைகள் அடைத்திருக்கின்றன, காற்றுச் சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். அடுப்பை அணைத்து, சிலிண்டரையும் மூடி, ஆறவிட்டு, பர்னரைக் கழற்றிக் குண்டூசியால் ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்யுங்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்டினால், நீலச் சுடர் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் அடுப்பு ரிப்பேர்காரரைக் கூப்பிடுங்கள்.